பென்டிரைவுக்கு வைத்த பொட்டு

ஆயுத பூசைக்கு மறுநாள். முத்தியால்பேட்டை வீட்டில் செந்தமிழ்ச்செல்வியின் பழைய கணினி கடகடக்கிறது. எப்போது வேண்டுமானாலும் நின்றுவிடும். அவளுடைய முனைவர் பட்ட ஆய்வேடு அதில் மட்டும்தான் இருக்கிறது. நகலெடுக்கப் பென்டிரைவைச் செருகுகிறாள். கணினி அதைக் கண்டுகொள்ளவில்லை. பிடுங்கி, சன்னல் வெளிச்சத்தில் பார்க்கிறாள். உலோக வாய்க்குள் சந்தனம் காய்ந்திருக்கிறது.

"இதுக்குமா பொட்டு வச்சீங்க?"

"எல்லாத்துக்கும்தான் வச்சேன். மிக்சி ஓடுதுல்ல," என்கிறான் கணவன் இனியவன்.

"மிக்சிக்கு நெத்தியில வச்சீங்க. இதுக்கு வாயில."

வளையலில் தொங்கும் ஊக்கைக் கழற்றிச் சந்தனத்தைச் சுரண்டுகிறாள். ஊதிவிட்டுச் செருகுகிறாள். பயனில்லை. இனியவன் கைப்பேசி வெளிச்சம் பிடிக்க, மறுபடி சுரண்டுகிறாள். இம்முறை பென்டிரைவில் சிறு விளக்கு எரிகிறது. திரையில் பச்சைக் கோடு நகர்ந்து, பாதியில் நிற்கிறது.

"போச்சா?"

"கொஞ்சம் சும்மா இருங்க."

கோடு நகர்ந்து முழுதாகிறது. ஆய்வேட்டைப் பென்டிரைவிலிருந்தே திறந்து, கடைசிப் பக்கம்வரை உருட்டிப் பார்த்த பிறகுதான் நாற்காலியில் சாய்கிறாள்.