கெட்டுப்போன சென்ட்

காக்களூர் பெயிண்ட் கம்பெனியில் பதினோரு வருடமாக, பெயிண்ட்டைக் கரைக்கும் நெடி மிகுந்த தின்னரை டப்பாக்களில் நிரப்புகிறவள் சுகிர்தா. ஞாயிறு வெயிலில், சர்ச்சுக்குக் கிளம்பிய சேலையோடு வாசலில் நின்று, கல்யாணத்துக்கு வாங்கிய மனோரஞ்சித சென்ட்டைத் தூக்கிப் பார்க்கிறாள். இப்போது அது எந்தக் கடைக்கும் வருவதில்லை, தயாரிப்பதையே நிறுத்திவிட்டார்கள். பச்சைக் கண்ணாடிக்குள் ஒரு விரற்கடை அளவு மிச்சம். மணிக்கட்டில் தடவி மோந்து பார்க்கிறாள். இன்னும் கொஞ்சம் தடவி மறுபடி மோந்து பார்க்கிறாள். "பொத்திப் பொத்தி வெச்சுக்கினு இருந்தேன், கெட்டுப்பூடுச்சே சனியன்!" பல்லைக் கடித்தபடி சாக்கடையில் கவிழ்த்து, கடைசிச் சொட்டுவரை உதறுகிறாள். எதிர்வீட்டில் துணி காயப்போடும் சாராள் சட்டென்று திரும்பி, கண்ணை மூடி மூச்சை இழுக்கிறாள். "இன்னாக்கா ஊத்துன? தெருவே பூவா மணக்குதே!" காலிப் பாட்டிலோடு நிற்கும் சுகிர்தா மணிக்கட்டை மூக்கில் வைத்து அழுத்துகிறாள். "எங்கடி மணக்குது?"