காபி ஆறட்டும்

"பழைய கம்ப்யூட்டர்னு ஒரு வார்த்த உன் வாயில வந்துது, அப்புறம் நான் மனுஷியா இருக்க மாட்டேன்!"

சின்ன காஞ்சிபுரத்தில் பெண் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போதே மகனை எச்சரித்தாள் காந்தா. காரணம் இருந்தது. யாரும் சீந்தாத பழைய கம்ப்யூட்டர்களைத் தேடித் தேடிச் சேர்ப்பது கலைவாணனின் பைத்தியம். ஏற்கெனவே பார்த்த இரண்டு இடங்களிலும் அதைப் பற்றியே அளந்து, "பொண்ணு பாக்க வந்தாரா, பழைய இரும்பு எடுக்க வந்தாரா?" என்று கேட்க வைத்துவிட்டான்.

"பேசமாட்டேம்மா" என்றான் பரிதாபமாக. இந்தப் பெண் துளசியின் போட்டோ அவனுக்கு அவ்வளவு பிடித்திருந்தது.

உள்ளே போய் ஜமக்காளத்தில் உட்கார்ந்து நிமிர்ந்தான். எதிரே உயரமான மேசையில், பூப்போட்ட துணிக்கு அடியில் ஒரு வரிசைச் சிவப்பு விசைகள் தெரிந்தன. பிபிசி மைக்ரோ! நாற்பது வருஷத்துக்கு முந்திய கம்ப்யூட்டர். எத்தனையோ காயலான் கடைகளில் ஏறி இறங்கியும் அவனுக்குக் கிடைக்காதது.

துளசி எல்லாருக்கும் காபி கொடுத்தாள். அவனுடைய டம்ளரை மட்டும் அந்த மெஷின் மேலேயே வைத்தாள்.

"ரொம்ப சூடா இருக்குது. கொஞ்சம் ஆறட்டும்."

கலைவாணனுக்கு வியர்த்தது. வாயைத் திறந்தால் கல்யாணம் போச்சு. திறக்காவிட்டால் மெஷின் போச்சு.

"வேலையெல்லாம் எப்பிடிப் போய்க்கினு இருக்குது தம்பி?" பெண்ணின் அப்பா கோதண்டபாணி மேசையருகே நின்று, கையை வீசி வீசிப் பேசினார். ஒவ்வொரு வீச்சுக்கும் இவனுக்கு உயிர் போய் உயிர் வந்தது.

"தம்பி ஏன் பேசவே மாட்டேங்குது?"

"அவன் கூச்ச சுபாவங்க" என்று முந்திக்கொண்டாள் காந்தா.

கோதண்டபாணியின் முழங்கை டம்ளரில் இடித்தது. டம்ளர் சாய்ந்தது.

"ஐயோ, பிபிசி மைக்ரோ!" கலைவாணன் பாய்ந்து டம்ளரைப் பிடித்துக்கொண்டான். "இதும்மேல போயி யாராச்சும் காபிய வெப்பாங்களா?"

காந்தா தலையில் கை வைத்துக்கொண்டாள். இதுவும் போச்சு.

துளசி மெதுவாக அப்பாவிடம் சொன்னாள். "இவரே போதும்பா. முன்ன வந்தவங்க யாருக்கும் இது இன்னான்னே தெரில. பரண்ல நான் சேத்து வெச்சிருக்குற மீதி மெஷினையும் இவர நம்பி விடலாம்."

அப்போதுதான் கலைவாணன் கையிலிருந்த டம்ளருக்குள் பார்த்தான். அதில் காபியே ஊற்றியிருக்கவில்லை.