கீரிமலைக்கு வந்த தேசிக்காய்

“இது கீரிமலையிலை வரட்டும், அண்டைக்கு என்ரை மகளைத் தாறன்” என்று சொல்லி, கனகரத்தினம் தேசிக்காயை நிலாவரைக் கிணற்றுக்குள் போட்டார். புத்தூரே கூடி நின்று பார்த்தது.

நிலாவரையில் போட்ட எலுமிச்சங்காய் மைல் கணக்கில் தள்ளியிருக்கிற கீரிமலைக் கேணியில் வரும் என்பது பழைய கதை. வந்ததைக் கண்டவர்தான் ஒருவரும் இல்லை.

ஐந்து வருஷத்துக்கு முன் கீரிமலைக் கலியாண வீடொன்றில் அவருக்கு இரண்டாம் முறை பாயசம் வைக்க மறந்துவிட்டார்கள். அந்தத் தேசிக்காய் வந்தாலொழிய இந்த ஊரோடு சம்பந்தமில்லை என்று பந்தியிலேயே கத்திவிட்டு எழும்பி வந்தவர் அவர். இப்போது மகள் பத்மாசினி, கட்டினால் கீரிமலைச் சீவரத்தினத்தைத்தான் என்று நிற்கிறாள். ஊரறியச் சொன்ன சொல்லை எப்படி விழுங்குவது?

கிணற்றில் போடுமுன், மகள் பறித்துக் கொடுத்த காயில் நகத்தால் ஓர் அடையாளம் கீறி, அதை ஊர்த் தலைமைக்காரரான விதானையாரின் காதில் மட்டும் சொல்லிவைத்தார்.

சீவரத்தினம் மூன்று நாள் கேணியே கதியென்று கிடந்தான். விரலெல்லாம் சுருங்கிப்போனது. பழங்கதையில் முனிவரின் கீரிமுகத்தையே மாற்றிய தண்ணீர் மாமனாரின் கடுகடுத்த முகத்தை மாற்றாதா என்று குளிக்க வந்தவர்கள் கேலி செய்தார்கள்.

மூன்றாம் நாள் காலை கனகரத்தினமே அங்கு வந்தார். முழங்கால் வாதத்துக்குப் பரியாரியார் கீரிமலைக் குளிப்புச் சொன்னாராம். சீவரத்தினத்தை ஏறிட்டும் பார்க்கவில்லை. நெடுநேரம் மூச்சடக்கி ஒரே ஒரு முழுக்குப் போட்டுவிட்டுப் போய்விட்டார்.

அன்று பின்னேரம் சீவரத்தினம் தேசிக்காயோடு புத்தூருக்கு வந்தான். விதானையார் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மூன்று கீறல், நடுவில் ஒரு பிறை; சொன்ன அடையாளமேதான். சனம் கன்னத்தில் போட்டுக்கொண்டது. சொன்ன சொல் சொன்னதுதான் என்று கனகரத்தினமும் வேண்டாவெறுப்பாகச் சம்மதித்தார்.

எல்லோரும் கலைந்த பிறகு சீவரத்தினத்துக்கு மனம் உறுத்தியது. மாமனாரை மாட்டுக்கொட்டிலுக்குப் பின்னால் கூட்டிப் போனான்.

“மாமா, கோவிக்காதேங்கோ. அது தண்ணிக்கை வந்த காய் இல்லை. நீங்கள் கீறேக்கை பத்மாசினி கண்டவ. அவ சொல்லிவிட, நான்தான் வேறை காயிலை கீறிக்கொண்டு வந்தனான்.”

கனகரத்தினத்தின் முகம் வெளிறிப்போனது. சுற்றுமுற்றும் பார்த்தார்.

“எட தம்பி, அப்ப நான் முழுகி வைச்ச காய் இன்னும் கேணிக்கைதான் கிடக்கு. ஓடு!”