உமேஷ் வைத்த டோன்

"வயர்தாம்மா லூசு. சரியாயிருச்சு" என்றபடி, ரிப்பேர் பார்க்க வந்த கிரிதர் கிடாரைத் தட்டினான். ஆனையூர் வீட்டில் உமேஷின் அறையிலிருந்த சின்ன ஆம்ப்ளிஃபயர் கிறீச்சிட்டது.

"இம்புட்டு எக்கோவா? கிணத்துக்குள்ள வாசிக்கிற மாதிரில்ல இருக்கு! யாரு வச்சது?"

"எம் மகன் உமேஷ்தான் தம்பி. இருங்க, காபி கொண்டாரேன்" என்று பத்மாசினி உள்ளே போனாள்.

கச்சேரிகளில் வாசிக்கிற கிரிதருக்குக் கை சும்மா இருக்கவில்லை. எக்கோவைக் குறைத்து, காதைக் குத்திய ட்ரெபிளை இறக்கி, பழைய டோன் இருந்த பட்டனிலேயே புதியதைப் பதிந்து வைத்தான்.

காபியோடு வந்தவள் ஒரு கம்பியைச் சுண்டினாள். குழைந்து ஒலித்தது.

"இது அவன் சத்தம் இல்லயே?"

"அதை அழிச்சுட்டேம்மா. உமேஷ் வந்து கேக்கட்டும், அசந்துருவாப்ல!"

அவள் டம்ளரை மேசையில் வைத்தாள்.

"போன மாசம்தான் அவனுக்கு முதல் திதி குடுத்தோம் தம்பி. தெனம் விளக்கு வச்சதும் இதை ஒரு தட்டு தட்டிக் கேப்பேன். அவனே வந்து உக்காந்த மாதிரி இருக்கும்."

கிரிதர் பதறிப்போய்க் குமிழ்களைப் பின்னுக்குத் திருப்பினான். எக்கோவை ஏற்றினான், இறக்கினான், மறுபடி ஏற்றினான். ஒவ்வொரு முறையும் அவள் கம்பியைச் சுண்டிக் கேட்டாள்.

"இல்ல தம்பி. இன்னும் கொஞ்சம் கிணத்துக்குள்ள."