ஒன்பது மணிக் கேட்

"ஏட்டி முத்துசெல்வி, ஊரே கைதட்டுது. நீ மட்டும் ஏன் மூஞ்சியத் தூக்கி வச்சிட்டு நிக்க?" ஆபீஸ் தோழி ஜாய் இடுப்பில் இடித்தாள்.

ஒருவழியாக அமைச்சர் ரிப்பனை வெட்டினார். வருஷக்கணக்காகத் தூணும் கம்பியுமாக நின்ற தென்காசி ரயில்வே மேம்பாலத்தில் வண்டிகள் ஹார்ன் அடித்துக்கொண்டு ஏறின. குற்றாலத்துச் சாரல் பந்தலை நனைத்தது.

"கீழ இருக்க ரயில்வே கேட்டை இனிமே திறக்கவே மாட்டாங்களாம்லா?" கூட்டத்தில் ஒருத்தர் கேட்டார்.

"ஒழியட்டும் சனியன்! தினமும் நம்ம உயிரையில்லா வாங்கிச்சு!" என்றார் இன்னொருத்தர்.

முத்துசெல்விக்கு அழுகை முட்டியது. அந்த கேட் கீப்பர் சிவனணைந்தபெருமாள் அவளுடைய அப்பா. அவள் வீட்டை மீறி கிங்ஸ்லியைக் கட்டிக்கொண்டதிலிருந்து, இரண்டு வருஷமாகப் பேச்சுவார்த்தை கிடையாது. ஆபீஸுக்கு வேறு வழி இருந்தும் அவள் தினமும் இந்தக் கேட் வழியாகத்தான் போனாள். என்றைக்காவது 'ஏட்டி, சாப்பிட்டியா' என்று கேட்டுவிட மாட்டாரா என்ற ஏக்கம்தான்.

ஸ்கூட்டியைப் பாலத்துக்கு அடியில் விட்டாள். அப்பாவைக் காணோம். இன்னொரு கேட் கீப்பர் ஒலி முகம்மது கேட்டுக்குப் பூட்டுப் போட்டுக்கொண்டிருந்தார்.

"அப்பா எங்க மாமா?"

"காலையிலயே கிளம்பிட்டாரும்மா. மானாமதுரைக்கு மாத்தல்."

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே!" அவள் உடைந்து போனாள். "அவ்வளவு ஆத்திரம் மாமா எம்மேல. காலையில என் வண்டியப் பாத்தாப் போதும், டக்குனு கேட்டைப் போட்டுட்டு உள்ள போயிருவாரு. அரை மணி நேரம் வெயில்ல நிப்பேன். ஒருநாளாவது என்னையப் போக விட்டிருக்காரா?"

ஒலி முகம்மது பூட்டை விட்டுவிட்டு அவள் பக்கம் வந்தார்.

"ஒன்பதரை ரயிலுக்கு ஒன்பது இருபதுக்குப் போட்டாப் போதும்மா. அண்ணாச்சி ஒன்பதுக்கே போட்டுருவாரு. சனங்க கண்டபடி ஏசுவாங்க. ரெண்டு மெமோ வேற வாங்கிட்டாரு. நைட் டூட்டி முடிச்சுட்டு நான் இங்கனதான் டீ குடிப்பேன். 'ஏன் அண்ணாச்சி இப்படிப் பண்ணுதீய'ன்னு கேட்டா வாயத் திறக்க மாட்டாரு. ரயில் போற வரைக்கும் ஜன்னல் வழியா ரோட்டையே பாத்துட்டு நிப்பாரு."

"அப்ப தினமும் சீக்கிரமாத்தான் போடுவாரா மாமா?"

"இல்லம்மா. ஞாயித்துக்கிழமையும், நீ லீவு போட்ட அன்னைக்கும், கரெக்டா ஒன்பது இருபதுக்குத்தான் போடுவாரு."