ஏழு பத்துக்கு எரியும் விளக்கு

தேக்கா சந்தையில் வாங்கிய பழைய எலெக்ட்ரிக் டைமர் எதற்கானது என்று லொரைன் ஒரு வாரமாக மண்டையை உடைத்துக்கொண்டிருந்தாள். கரண்ட் வரவேண்டிய நேரத்தைக் குறித்துவைக்கும் அதன் ஒரே முள் மாலை ஏழு பத்தில் துருப்பிடித்து இறுகியிருந்தது.

"ரைஸ் குக்கருக்கா இருக்கும் லா," என்றார் கணவர் ஆர்னால்ட்.

இன்று மூடியைக் கழற்றினாள். உள்ளே பென்சிலில் 'வாசல்' என்று எழுதியிருந்தது. அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

"வாசல் லைட்டுக்குங்க. யாரோ வேலை முடிஞ்சு வர்ற நேரம் இது."

உடனே ஒரு விளக்கை அதில் சொருகி, ஈசூனில் இருந்த தங்கள் அடுக்குமாடி வீட்டு வாசலில் வைத்தாள். சரியாக ஏழு பத்துக்கு அது எரிந்தது. லொரைன் கைதட்டினாள்.

வெளியே யாரோ ஷூ கழற்றும் சத்தம் கேட்டது. இருவரும் எட்டிப் பார்த்தார்கள். காரிடாரில் யாருமே இல்லை. கம்பிக் கதவை ஒட்டி ஓர் ஆண் குரல் களைப்பாகக் கேட்டது:

"இத்தனை நாளா ஏன் லைட் போடல?"