முதலாளி தேய்த்த முதுகு

வலது கை தோளுக்கு மேல் எழவில்லை.

இடது கையால் பனியனைப் பின்கழுத்தில் பிடித்துத் தலைவழியாக உருவினான். முகத்தைச் சும்மா வைத்துக்கொண்டான்.

கொரியாக்கார முதலாளி அதற்குள் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு எடை மெஷினில் ஏறி நின்றார்.

பொதுக் குளியல் கூடத்தில் எல்லோரும் அம்மணம். கொரியாக்காரக் கிழவர்கள். அப்பனும் மகனுமாக இரண்டு பேர். கண்ணாடி முன்னால் தலை துவட்டும் ஒரு தொப்பைக்காரர். யாரும் யாரையும் பார்க்கவில்லை.

அவன் ஜட்டியோடு, அதன்மேல் துண்டும் கட்டிக்கொண்டு நின்றான். தேயிலைத் தோட்டத்தில் பீலித் தண்ணீரில் குளிக்கும்போதுகூட இடுப்பில் சாரம் இல்லாமல் நின்றதில்லை.

"அவுருடா," என்றான் யோகராஜ். முதலாளியின் இரும்பு வார்ப்படப் பட்டறையில் அவனுக்கு முன்னால் வந்து சேர்ந்தவன். "இங்க துணி கட்டுனவனத்தான் எல்லாரும் பாப்பாங்க."

அவிழ்த்தான்.

யோகராஜ் கிட்டே வந்து குரலைத் தணித்தான்.

"மூனு வருஷமா கூட்டிட்டு வராத ஆளு இன்னைக்கு ஏன் கூட்டிட்டு வந்தாரு? மாடு வாங்குறவன் பல்லப் புடிச்சுப் பாப்பான்ல. தோள மறைச்சுக்க."

போன மாதம் பட்டறையில் பாரம் தூக்கும் செயின் பிளாக் பழுதாகிக் கிடந்தது. அச்சுப் பெட்டியைக் கையால் தூக்கச் சொன்னார் முதலாளி.

தூக்கினான்.

தோளுக்குள் ஏதோ கிழிந்தது. அவனுக்கு மட்டும் கேட்டது.

அடுத்த மாதம் விசா முடிகிறது. நீட்டிக்க முதலாளி கையெழுத்துப் போட வேண்டும். தோள் போனவனுக்கு எவனும் கையெழுத்துப் போட மாட்டான்.

காலையிலேயே வலிக்கு ஒட்டியிருந்த பட்டையை உரித்துப் போட்டுவிட்டான். மருந்து வாசம் போகத் திரும்பத் திரும்பச் சோப்புப் போட்டான்.

உள்ளே ஒரே ஆவி.

சின்ன முக்காலியில் உட்கார்ந்து முதலில் உடம்பைக் கழுவ வேண்டும். பிறகுதான் வெந்நீர்த் தொட்டி. கழுவினான். இறங்கினான். காலை வைத்ததும் வெந்துபோகும் என்று நினைத்தான். வேகவில்லை.

கழுத்துவரை தண்ணீர்.

வலி கொஞ்சம் விட்டது. அவன் கண்ணும் கொஞ்சம் மூடியது.

"வா."

முதலாளி ஒரு முக்காலியைத் தட்டிக் காட்டினார்.

இங்கே முதுகு தேய்த்துவிடுவது வழக்கம். மகனுக்கு அப்பன் தேய்ப்பான். அப்பனுக்கு மகன் தேய்ப்பான். தனியாக வந்தவன் பக்கத்தில் இருப்பவனைக் கேட்பான். தேய்த்துவிட்டவனுக்குத் திருப்பித் தேய்க்காமல் எழுந்து போகக் கூடாது.

முதலாளி கரடான பச்சைத் துணிப்பையைக் கையில் மாட்டினார். அவனைத் திரும்பி உட்காரச் சொன்னார்.

தோல் உரிகிற மாதிரி இருந்தது. அழுக்கு திரிதிரியாக உருண்டு விழுந்தது.

"பாரு. என் இரும்பெல்லாம் நீதான் திருடி வச்சிருக்க," என்றார் முதலாளி.

குளிர்ந்த தண்ணீர்த் தொட்டியில் கிடந்த யோகராஜ் சத்தமாகச் சிரித்தான்.

இடுப்பு. நடுமுதுகு. இடது தோள்.

வலது தோளில் கை நின்றது.

பட்டை ஒட்டியிருந்த இடம் சதுரமாகச் சிவந்திருந்தது. முதுகுப்பக்கம். அவன் கண்ணுக்கு அது படவே இல்லை.

"இது என்ன?"

"தூக்கத்துல சுளுக்கு, முதலாளி."

முதலாளி கட்டைவிரலால் அமுக்கினார். அவன் பல்லைக் கடித்தான்.

"அந்தப் பெட்டி தூக்குன அன்னைக்கா?"

யோகராஜின் சிரிப்பு நின்றுவிட்டது. எங்கேயோ குழாய் திறந்து கிடந்தது.

"இல்ல முதலாளி."

கை அப்படியே இருந்தது. பின்னால் ஒரு நீள மூச்சு. பிறகு கை நகர்ந்தது. முன்னைவிட மெதுவாக. சதுரத்தைத் தொடாமல் சுற்றிப் போயிற்று.

"இப்ப நீ."

முதலாளி முதுகைத் திருப்பினார். வெள்ளை முதுகு. அகலம். அங்கங்கே மச்சம்.

அவன் துணிப்பையை இடது கையில் மாட்டினான். அந்தக் கைக்கு வேலை தெரியவில்லை. வழுக்கியது. சில இடத்தில் அழுத்தியது, சில இடத்தில் சும்மா போனது.

"நீ இடது கைக்காரனா?"

"ஆமா."

மூன்று வருஷமாக அவன் வலது கையால் சம்மட்டி அடிப்பதைப் பார்த்துச் சம்பளம் கொடுத்த மனிதர்.



துணிப்பை பாதி முதுகை முடித்து முதுகெலும்பைத் தாண்டும்போது முதலாளி கையை உயர்த்தினார்.

"போதும்."

அவன் துணிப்பையோடு அப்படியே உட்கார்ந்திருந்தான். யோகராஜ் வேறு பக்கம் பார்த்துக்கொண்டான்.

முதலாளி ஒரு சட்டித் தண்ணீரைத் தலையில் ஊற்றினார். எழுந்தார்.

"நாளைக்கு விசாப் பேப்பரக் கொண்டா. கையெழுத்துப் போடுறேன்."

போய்விட்டார்.

உடுப்பு மாற்றும் இடத்தில் யோகராஜ் அவனுடைய பனியனைப் பிடித்துக் கொடுத்தான். வலது கை நுழையும்வரை பிடித்திருந்தான்.

"ஆஸ்பத்திரி பத்தி ஏதாச்சும் சொன்னாரா?"

"இல்ல."

"நீ கேட்டியா?"

அவன் பனியனை இழுத்துவிட்டுக்கொண்டான்.

"சரி விடு," என்றான் யோகராஜ். "கையெழுத்து கெடச்சிருச்சுல்ல."

வெளியே பொதுக் கூடத்தில், சூடேற்றிய தரையில் ஆட்கள் படுத்துக் கிடந்தார்கள். முதலாளி சுட்ட முட்டையும் சோற்றில் செய்த குளிர்ந்த இனிப்புப் பானமும் வாங்கி வைத்திருந்தார். முட்டையைத் தன் மண்டையிலேயே தட்டி உடைத்து, உரித்து, அவன் இடது கையில் வைத்தார்.

கல்லாவில் இருந்த அம்மாள் அவனைக் காட்டி, யார் என்று கேட்டாள்.

"நம்ம பையன்தான்," என்றார் முதலாளி. "எனக்குப் பாதி முதுகு பாக்கி வச்சிருக்கான்."

அந்த அம்மாள் சிரித்தாள். முதலாளியும் சிரித்தார்.

வாயில் முட்டை இருந்தது. விழுங்கிவிட்டுச் சொன்னான்.

"ஆமா முதலாளி. பாக்கிதான்."